அரைச் சாண் உயரம்

போன மாதம் கலசப்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் என் காலை நன்றாக மிதித்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் டீ வாங்கப் போனார். அவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவருக்கு ஆஸ்பத்திரியில் இதயச் சோதனை நடந்த அன்று குழாய் வழியாக மருந்து உள்ளே போனதும் நாடி நாற்பதுக்குக் கீழே இறங்கிவிட்டது. நான்தான் மைக்கில், இருமுங்க, பலமா இருமுங்க என்று கத்திக் கத்தி அதை மேலே கொண்டுவந்தேன். இரண்டு நாள் கழித்து அவர் வீட்டார் டாக்டருக்கு மாலை போட்டார்கள், சிஸ்டருக்கு ஆப்பிள் கொடுத்தார்கள். என்னை யார் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் மெதுவாக மிதித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

என் பெயர் பூவரசன். வயது நாற்பத்து நான்கு. வேலை செய்கிற ஆஸ்பத்திரியின் பெயரையும் அது இருக்கிற ஊரின் பெயரையும் விட்டுவிடுவோம். அங்கே கேத் லேப் என்று ஒரு அறை. மணிக்கட்டிலோ தொடையிலோ சின்னத் துளை போட்டு, அது வழியாக இதயம்வரை மெல்லிய குழாயை ஓட்டுகிற இடம். குழாய் டாக்டர் கையில் இருக்கும். ஊசி சிஸ்டர் கையில் இருக்கும். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், சின்ன ஏசி அறையில், நான்கு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். இதயத்தின் துடிப்பும் அழுத்தமும் கோடுகளாக ஓடும். கோடு கோணினால் முதலில் பார்க்க வேண்டியவன் நான். பார்த்ததை மைக்கில் சொல்ல வேண்டும், நேரம் போட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். பதினெட்டு வருடமாக இதுதான் பிழைப்பு.

எனக்குப் பெண் பார்த்த காலத்தில், மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டவர்களிடம் அம்மா, 'ஆஸ்பத்திரில டிவி பாக்குறான்' என்று சொல்லிவிடுவாள். வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போனால் போனதுதான். அம்மா இறந்து மூன்று வருடம் ஆகிறது. இப்போது சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் திங்கட்கிழமை காலைவரை என் வாயிலிருந்து வருவது 'ஒரு டீ, சர்க்கரை கம்மியா' மட்டும்தான். சிரிப்பாகத்தான் சொல்கிறேன். ஆனால் சில ஞாயிற்றுக்கிழமைகளில் குரல் இன்னும் இருக்கிறதா என்று இருமிப் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் செய்த தப்பு இங்கேதான் தொடங்குகிறது.

பொங்கல் கழிந்த வாரம் சுவேதா வந்தாள். இருபத்து மூன்று வயது. ஜவ்வாது மலையில் புங்கனூத்து என்கிற சின்ன ஊரில் வாழ்க்கைப்பட்டவள். சின்ன வயதில் வந்த காய்ச்சல் ஒன்று இதயத்தின் இடது பக்கத்து வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. எவ்வளவு சுருக்கம் என்பதுதான் கேள்வி. ஸ்கேன் எடுத்த ஒருவர் அதிகம் என்றார், இன்னொருவர் பரவாயில்லை என்றார். அதிகம் என்றால் பலூன் வைத்து வால்வை விரிக்க வேண்டும். அதைச் செய்யாமல் அவள் கர்ப்பமானால் உயிருக்கே ஆபத்து. பரவாயில்லை என்றால் மாத்திரை போதும், குழந்தையும் பெற்றுக்கொள்ளலாம். கல்யாணமாகி இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டிருந்தார்கள். குழாய் விட்டு அளந்து ஒரு முடிவு சொல்லத்தான் அவளைப் படுக்க வைத்தோம்.

அளப்பது பெரிய வித்தை இல்லை. கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டு ஹால் கதவுக்கு வெளியே நிற்கிற கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கதவு அகலமாக இருந்தால் வெளியேயும் உள்ளேயும் நெரிசல் ஒன்றுபோல இருக்கும். ஒற்றைக் கதவு மட்டும் திறந்திருந்தால் வெளியே நசுங்குவார்கள், உள்ளே இலை காலியாகக் கிடக்கும். வால்வுக்கு மேலே உள்ள அறையின் அழுத்தத்தையும் கீழே உள்ள அறையின் அழுத்தத்தையும் ஒரே நேரத்தில் எடுத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்போம். வித்தியாசம் பெரிதாக இருந்தால் கதவு சின்னது.

அழுத்தத்தைப் பிடிக்கிற கருவி தீப்பெட்டி அளவுதான் இருக்கும். ஒவ்வொரு குழாய்க்கும் ஒன்று. அது நோயாளியின் இதயம் இருக்கிற உயரத்தில் இருக்க வேண்டும். கீழே இறங்கினால் கூடுதலாகக் காட்டும், மேலே ஏறினால் குறைவாகக் காட்டும். அதனால் ஆரம்பத்தில் உயரத்தைச் சரிபார்த்து, காற்றுக்குத் திறந்து, ஜீரோ செய்வோம். கடைக்காரர் எதையும் வைப்பதற்கு முன்னால் தராசு முள்ளைப் பார்க்கிற மாதிரி. மேஜையை ஏற்றினாலும் இறக்கினாலும் மறுபடி பார்க்க வேண்டும். எங்கள் தொழிலில் இது பாலபாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

வழக்கமாக இரண்டு கருவிகளும் மேஜையின் பக்கக் கம்பியிலேயே மாட்டியிருக்கும். மேஜை ஏறினால் அவையும் கூடவே ஏறும். அந்த வாரம் ஒரு கிளிப் உடைந்துபோயிருந்தது. ஸ்டோருக்கு எழுதிப் போட்டும் வரவில்லை. அதனால் கீழறைக் குழாயின் கருவியை மட்டும் குளுக்கோஸ் பாட்டில் மாட்டுகிற ஸ்டாண்டில் பிளாஸ்திரி போட்டு ஒட்டி வைத்திருந்தேன். உயரம் பார்த்துத்தான் ஒட்டினேன். ஜீரோவும் செய்தேன்.

சுவேதா பயந்துபோயிருந்தாள். முகத்துக்கு மேலே பெரிய இயந்திரம், உடம்பெல்லாம் பச்சைத் துணி. நான் மைக்கில், அசையாம படுங்க, கொஞ்ச நேரம்தான் என்றேன். அவள் கூரையைப் பார்த்துக் கேட்டாள்.

"மேல யாருங்க பேசுறது?"

பதினெட்டு வருடத்தில் ஒருவரும் இதைக் கேட்டதில்லை. ஸ்பீக்கரில் வருகிற குரலை ரயில்வே அறிவிப்பு மாதிரி எடுத்துக்கொள்வார்கள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருப்பதாகச் சொன்னேன். என்ன ஊர் என்று கேட்டாள். கலசப்பாக்கம் என்றதும் அவளுக்குச் சந்தோஷம். மலையிலிருந்து பார்த்தால் அந்தப் பக்கத்து வயலெல்லாம் தெரியும் என்றாள். வீட்டில் யார் யார் என்று கேட்டாள். யாரும் இல்லை என்றேன். அப்படியென்றால் சோறு யார் ஆக்குவது என்று கேட்டாள். சிஸ்டர் சிரித்துவிட்டார். பேசினால் அவள் நாடி தணிவதைத் திரையில் பார்த்தேன். அதனால்தான் பேசுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. எனக்கு நன்றாக இருந்தது.

நடுவில் டாக்டர் மேஜையைக் கொஞ்சம் ஏற்றச் சொன்னார். நல்ல உயரமான மனிதர், குனிந்து நின்றால் முதுகு வலிக்கும் அவருக்கு. மேஜை அரைச் சாண் ஏறியது. கம்பியில் மாட்டியிருந்த கருவி கூடவே ஏறியது. ஸ்டாண்டில் ஒட்டியிருந்தது அங்கேயே நின்றது. அந்த நேரம் நான், ரசம் மட்டும் எனக்கு நன்றாக வரும் என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜீரோ பண்ணியாச்சா என்று டாக்டர் கேட்டார். ஆச்சு சார் என்றேன். செய்துதான் இருந்தேன், மேஜை ஏறுவதற்கு முன்னால்.

வித்தியாசம் நான்கு வந்தது. லேசான சுருக்கம். கீழறையின் அழுத்தம்தான் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, அதனால்தான் மூச்சு வாங்குகிறது என்று முடிவாயிற்று. டாக்டர் அவளிடமே சொன்னார், பலூன் தேவையில்லை, மாத்திரை சாப்பிடு, குழந்தை பெற்றுக்கொள்ளலாம், ஆறு மாதம் கழித்து வா என்று. தள்ளுவண்டியில் போகும்போது அவள் கண்ணாடிப் பக்கம் பார்த்துத் தலையாட்டினாள். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் விளக்குதான் தெரியும். நானும் பதிலுக்குத் தலையாட்டினேன்.

ஏழு வாரம் கழித்து ஸ்டோரிலிருந்து புதுக் கிளிப் வந்தது. அதைத் திருகி மாட்டிவிட்டு, ஸ்டாண்டில் காய்ந்துபோயிருந்த பிளாஸ்திரியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன். இரவல் கிளிப் ஒன்று கிடைக்கும்வரை கருவி அங்கே ஒட்டியிருந்தது பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளில் எத்தனை தடவை மேஜை ஏறியது, எத்தனை தடவை நான் எழுந்து போய்ப் பார்த்தேன்?

பத்தொன்பது பேரின் பதிவுகள். டியூட்டி முடிந்ததும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கையில் கட்டிய பட்டை காட்டுகிற ரத்த அழுத்தமும் குழாய் காட்டுகிற ரத்த அழுத்தமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். பதினெட்டு பேருக்கு ஒத்துப்போயிற்று. பத்தொன்பதாவது சுவேதா. ஆரம்பத்தில் இரண்டும் நூற்று நான்கு. மேஜை ஏறிய பிறகு கைப்பட்டையில் அதே நூற்று நான்கு, குழாயில் நூற்றுப் பன்னிரண்டு. எட்டு கூடுதல். அரைச் சாண் தண்ணீரின் கனம் அது. கீழறையின் அழுத்தத்திலிருந்து அந்த எட்டைக் கழித்துவிட்டுப் பார்த்தால் வால்வின் வித்தியாசம் நான்கு இல்லை, பன்னிரண்டு. கதவு அநேகமாக மூடியிருந்தது. நான் திறந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். பெருக்க வந்த அம்மா விளக்கை அணைக்கட்டுமா என்று கேட்ட பிறகுதான் எழுந்தேன்.

மறுநாள் டாக்டரிடம் சொன்னேன். மனிதர் கத்தவில்லை. காகிதத்தை இரண்டு தடவை பார்த்தார். ஜீரோ ஆச்சுன்னு சொன்னியேப்பா என்றார். அவ்வளவுதான். கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். உடனே அவளை வரவழைக்கச் சொன்னார். அலுவலகத்தில் இருந்த நம்பர் அவள் கணவன் அன்பரசனுடையது. மூன்று நாள் விடாமல் கூப்பிட்டும் அணைத்தே இருந்தது. ஒரு கடிதம் அனுப்பினார்கள். அனுப்பியதோடு அவர்கள் வேலை முடிந்தது. எனக்கு அந்தக் கடிதம் போகிற வழியெல்லாம் கண்ணில் ஓடியது. ஜமுனாமரத்தூரில் இறங்கும், இரண்டு நாள் கிடக்கும், யாராவது அந்தப் பக்கம் போகிறவர் கையில் ஏறும். அதற்குள் அவள் கர்ப்பமாகியிருந்தால்? நாங்கள்தானே பெற்றுக்கொள் என்று சொல்லி அனுப்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினேன். போளூர் போய் மலை பஸ்ஸைப் பிடித்தேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது, பார்க்கத்தான் மனம் இல்லை. முதலில் எதைச் சொல்வது என்று வளைவுக்கு வளைவு மாற்றிக்கொண்டே வந்தேன். மிஷினில் கோளாறு என்று ஆரம்பிக்கலாமா என்றுகூட ஒரு வளைவில் நினைத்தேன். பக்கத்தில் இருந்தவர் என் உதடு அசைவதைப் பார்த்து, காது குத்துக்குக் கணக்குப் போடுறீங்களா என்று விசாரித்தார்.

ஜமுனாமரத்தூரில் இறங்கி, சாமான் ஏற்றிப்போன ஒரு வேனில் பாதி தூரம் போய், அங்கிருந்து நடந்தேன். மாசி வெயில். வழியெல்லாம் புளி உலுக்கிக்கொண்டிருந்தார்கள். புங்கனூத்துக்குக் கடைசியில் ஒரு ஏற்றம் இருக்கிறது. எனக்கே மூன்று இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. இதில் அவள் ஏழு வாரமாக ஏறி இறங்குகிறாள்.

அன்பரசன் வீட்டு வாசலில் புளி மலைபோலக் குவிந்திருந்தது. அவன் அம்மா ரத்தினம்மாள் நின்றுகொண்டு புளியின் ஓட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். சுவேதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். பார்த்ததும் முதலில் அவள் கழுத்தைத்தான் பார்த்தேன். நரம்பு எழும்பித் துடித்தது. ஜனவரியில் இவ்வளவு இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்று சொன்னேன். ரத்தினம்மாள் வாயைத் திறப்பதற்குள் சுவேதா கையில் இருந்த புளியைக் கீழே போட்டாள்.

"அத்தை, இவரு அந்தக் குரலு. அசையாம படுங்கன்னு மேலருந்து ஒருத்தர் பேசுனாருன்னு சொன்னேனே, அவரு."

இத்தனை வருடத்தில் என்னை யாராவது அடையாளம் கண்டுகொண்டால் எப்படி இருக்கும் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். அது இந்த வாசலில், இந்தக் காரியத்துக்காக வந்து நிற்கும்போது நடக்கும் என்று யோசித்ததில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

ரத்தினம்மாள் நல்ல மனுஷி. சொம்பில் தண்ணீர் கொடுத்தார், பாய் போட்டார். மகன் கேரளாவில் மிளகு பறிக்கப் போயிருக்கிறான் என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரமே போய்விட்டானாம், போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாம், அடுத்த வியாழக்கிழமை வருகிறானாம். எனக்குப் பாதி உயிர் வந்தது. நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று சுவேதாவிடம் நேராகவே கேட்டேன். இல்லைங்க, போன வாரம்தான் தலைக்குக் குளிச்சேன் என்றாள்.

அதற்குள் ரத்தினம்மாள் ஒரு புகாரோடு என் பக்கம் திரும்பினார்.

"நீங்களே சொல்லுங்க சார். அவ்ளோ பெரிய ஆஸ்பத்திரியில கொழா வுட்டுப் பாத்து ஒண்ணுமில்லன்னுட்டீங்க. இவளுக்கு புளி மூட்டையப் பாத்தாத்தான் மூச்சு வாங்குது. தண்ணி எடுக்கப் போனா பாதி வழியில குந்திக்கிறா. ஊரே சிரிக்குது."

சுவேதா மறுபடி புளியை எடுத்துக் கொட்டையைத் தேட ஆரம்பித்தாள். எனக்குக் காப்பி வைக்க ரத்தினம்மாள் உள்ளே போனார். அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டேன். மிஷின், கோளாறு, எதுவும் வாயில் வரவில்லை. மேஜை ஏறியதைச் சொன்னேன். ஸ்டாண்டையும் பிளாஸ்திரியையும் சொன்னேன். நான்கு இல்லை பன்னிரண்டு என்றேன். ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்ப் பார்க்கிறவன் அன்று ஏன் போகவில்லை என்பதையும் சொன்னேன்.

"நீ பேசிக்கிட்டு இருந்தம்மா. என்கிட்ட அங்க யாரும் பேசுனதில்ல. அந்த சந்தோஷத்துல மறந்துட்டேன். தப்பு என்னுது."

கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்ப என் மூச்சு பொய்யில்லயா?"

"இல்லம்மா."

"நீங்க ஒண்ணுமில்லன்னதும் நான் சொல்றத வுட்டுட்டேன். யார்கிட்டயும் சொல்லல. அவருகிட்டயும் சொல்லல. படுத்தா மூச்சு முட்டும், எழுந்து சுவத்துல சாஞ்சி குந்திக்குவேன். எல்லாம் மனசுலதான், நாமதான் சோம்பேறியாயிட்டோம்னு நானே நெனச்சிக்கினேன்."

அவள் அழவில்லை. யாருமில்லாத வீட்டில் நான் இருமிப் பார்க்கிறவன். இவளோ ஆள் இருக்கிற வீட்டில், தனக்கு மூச்சு முட்டுகிறது என்று சொல்ல ஒருவரும் இல்லாமல் ஏழு வாரம் இருந்திருக்கிறாள். அப்படி இருக்க வைத்தது நான் எழுதிய ஒரு எண்.

உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. சுவேதா அந்தப் பக்கம் தலையைக் காட்டினாள்.

"இத அத்தைகிட்ட சொல்லுங்க. இப்ப சொன்ன மாதிரி முணுமுணுன்னு வேணாம். மைக்குல சொல்ற மாதிரி சொல்லுங்க."

ரத்தினம்மாள் காப்பியோடு வந்ததும் எழுந்து நின்று சொன்னேன். பக்கத்து வீட்டு வாசலிலும் இரண்டு பேர் புளி தட்டுவதை நிறுத்தினார்கள். உங்கள் மருமகளுக்கு நோய் இருக்கிறது, பெரிதாகவே இருக்கிறது, அவள் சோம்பேறி இல்லை, அளந்து தப்பாகச் சொன்னவன் நான் என்றேன். என் குரல் இவ்வளவு பெரியது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ரத்தினம்மாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தார். முகம் சுண்டிப்போயிற்று.

"நான் இவள இன்னா இன்னா பேச்சு பேசிட்டேன்," என்றார் முதலில். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அங்க உக்காந்துக்கினு இன்னாதாங்க பாக்குறீங்க நீங்க?"

என் அம்மா சொன்ன பதில் ஞாபகம் வந்தது.

அன்றைக்கே கிளம்பிவிடலாம் என்று முடிவு செய்தது ரத்தினம்மாள்தான். அன்பரசனோடு மிளகு பறிக்கப் போன பங்காளி வீட்டுப் பையன் நம்பருக்குப் பக்கத்து வீட்டிலிருந்து சேதி சொல்லச் சொன்னார். புளியைத் தார்ப்பாயால் மூடினார். ஒரு பையில் இரண்டு புடவை. வேன் நிற்கிற இடத்துக்குப் போக அந்த இறக்கம் முடிந்து இன்னொரு மேட்டில் ஏற வேண்டும். இருபது அடிக்கு ஒரு தரம் சுவேதா நின்றாள். முதல் தடவை நின்றபோது பழக்கத்தில் மாமியார் முன்னால் போய்க்கொண்டே இருந்தார். பிறகு திரும்பி வந்து, பையை இறக்கிவைத்து, அவள் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தார். அவசரமில்ல, நல்லா இழுத்து வுடு என்றார். அடுத்த நிறுத்தங்களிலெல்லாம் அவரே முதலில் உட்கார்ந்தார். நான் நான்கு அடி தள்ளி நின்றுகொண்டு கைக்கடிகாரத்தில் அவள் மூச்சை எண்ணினேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் எனக்கு மெமோ கொடுத்தார்கள். எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சுவேதாவுக்கு மறுபடி அளக்கிற வேலைக்கு வேறு ஆளைப் போடலாமா என்று பேச்சு வந்தது. டாக்டர்தான், இவனே இருக்கட்டும், இந்த ஒரு தப்பை இனி ஜென்மத்துக்கும் செய்ய மாட்டான் என்றார். புதன்கிழமை காலை அவளை மறுபடி அதே மேஜையில் படுக்க வைத்தோம். இரண்டு கருவிகளும் கம்பியில் இருந்தன. நானே போய் உயரம் பார்த்து, பக்கத்தில் நின்ற சிஸ்டரையும் பார்க்கச் சொன்னேன். அவளிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

டாக்டர் மேஜையைக் கொஞ்சம் ஏற்றச் சொன்னார். ஏறியது. அதே சமயம் ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது.

"சார், இருக்கீங்களா?"

கை மைக் பொத்தானுக்குப் போயிற்று. எடுத்துவிட்டேன். எழுந்து உள்ளே போய், இரண்டு கருவிகளின் உயரத்தையும் பார்த்து, ஜீரோ செய்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் அவள் இன்னொரு தடவை கேட்டாள். பச்சைத் துணிக்கு இந்தப் பக்கம் எட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தேன். பதில் சொல்லாமல் இருந்தது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. திரும்பி வந்து, கைப்பட்டையும் குழாயும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, அதற்கு அப்புறம் பொத்தானை அழுத்தினேன்.

"இருக்கேம்மா."

வித்தியாசம் பதின்மூன்று. டாக்டர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் பலூனைக் கேட்டார்.

பலூன் விரிவது சில நொடிகள்தான். திரையில் அது இடுப்பு ஒடுங்கிய உருண்டையாகத் தெரியும், பிறகு இடுப்பு நிமிரும், உடனே சுருக்கிவிடுவார்கள். அந்தச் சில நொடியும் ரத்த அழுத்தக் கோடு பாதாளத்துக்குப் போகும். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். அறுபது, ஐம்பது, நாற்பத்தைந்து. சுருங்கியது. கோடு தடுமாறி எழுந்தது. எழுபது, தொண்ணூறு, நூறு. மேலறையின் அழுத்தத்தை எடுக்கக் கணினிக்குக் கொஞ்ச நேரம் வேண்டும். சராசரி போட்டு எண் வருவதற்காகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண் வருவதற்கு முன்னால் அவள் பேசினாள். மயக்கத்தில் கொஞ்சம் குழறியது.

"சார், உள்ள நல்லா காத்து போவுது."

டாக்டர், வித்தியாசம் எவ்வளவு என்று கேட்டார். பேனாவை எடுத்தேன். எங்கள் பதிவேட்டில் கடைசியாகக் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. பதினெட்டு வருடமாக அதில் நான் எழுதியது 'ஏதுமில்லை' மட்டும்தான். பத்து நாற்பத்தேழு என்று நேரம் போட்டு, அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே அந்தக் கட்டத்தில் முதலில் எழுதினேன். அதற்குள் திரையில் மூன்று என்று வந்திருந்தது. அதையும் கீழே எழுதிக்கொண்டு, மைக்கில் டாக்டருக்குச் சொன்னேன்.